மாடிப்படி மரக் கைப்பிடி: பழைய பெயிண்டை உரிப்பதா, மேலேயே அடிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கொஞ்சம் பழைய மாடி வீடு என்றால் படிக்கட்டின் கைப்பிடி பெரும்பாலும் மரம்தான். செட்டிநாட்டுப் பக்கம் பர்மா தேக்கு. மற்ற ஊர்களில் நாட்டுத் தேக்கு, வேங்கை, பலா என்று அங்கங்கே கிடைத்த மரம். அதன்மேல் பொங்கலுக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று எனாமல் ஏறி ஏறி, கடைசல் வேலைப்பாடெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். வீட்டை மராமத்து பார்க்க உட்காரும்போது இந்தக் கைப்பிடியை என்ன செய்வது என்று வரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

இந்தப் பக்கத்தில் கைப்பிடி என்று சொல்வது, பிடித்துக்கொண்டு ஏறும் மேல் சட்டத்தை. கால் என்பது அதைத் தாங்கும் கடைசல் கட்டை. படி தொடங்கும் இடத்தில் நிற்கும் பெரிய கட்டையைத் தலைத்தூண் என்று வைத்துக்கொள்வோம்.

முழுசாக உரித்து மரத்தைக் காட்டுவதா, இல்லை பழைய பெயிண்டின் மேலேயே அடிப்பதா?

பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில்: கைப்பிடியையும் தலைத்தூணையும் உரியுங்கள், கால்களை உரிக்காமல் தேய்த்துப் பெயிண்ட் அடியுங்கள்.

காரணம் இதுதான். ஒரு சாதாரண படிக்கட்டில் முப்பது, நாற்பது கால்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வளையம், பள்ளம், குமிழ் என்று கடைசல் பிடித்திருக்கும். ஒரு காலைச் சுத்தமாக உரிக்கத் தனி ஆளுக்கு அரை நாள் சாதாரணமாகப் போய்விடும். முதல் நான்கு காலை ஆசையாகச் செய்வார்கள், பத்தாவது காலில் பொறுமை போய்விடும், மீதியை அவசரமாகச் சுரண்டி மரத்தில் கீறல் விழுந்துவிடும். கைப்பிடி அப்படி இல்லை. வழவழப்பான நீளச் சட்டம், சுரண்டி (ஸ்கிரேப்பர்) நன்றாக ஓடும், வேலை கண்ணெதிரே முடியும். தினமும் கை படுவதும் அதில்தான். எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் ஏறி எனாமல் பிசுபிசுத்துப் போவதும் முதலில் அங்கேதான்.

வெள்ளைக் காலும் மர நிறக் கைப்பிடியும் சேர்ந்து நிற்பது பார்க்கவும் அழகு. செலவு குறைக்கச் செய்தது மாதிரி தெரியவே தெரியாது.

முழுசாக உரிப்பது நியாயம் என்று நான் நினைப்பது இரண்டு சந்தர்ப்பங்களில். ஒன்று, பெயிண்ட் தானாகவே செதில் செதிலாகக் கழன்று வருகிறது. அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது. இன்னொன்று, கால்கள் நல்ல தேக்கு, கடைசலும் உயர்ந்த வேலை, அடியில் பாலிஷ் இருக்கிறது. இந்த மூன்றில் கடைசி விஷயம்தான் முக்கியம். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

உரித்தால் உள்ளே மரம் நன்றாக வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

கைப்பிடியின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய மறைவான இடத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு ரிமூவர் (பழைய பெயிண்டை இளக்கித் தூக்கும் ரசாயனம்) தடவி உரித்துப் பாருங்கள். பெயிண்ட் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். மேலே கிரீம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் சாக்லேட் நிறம் என்று வீட்டின் பழைய கதையே வரும். கவனிக்க வேண்டியது கடைசி அடுக்கை.

கடைசியில் தேன் நிறத்திலோ ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்திலோ கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம். அது பழைய பாலிஷ் அல்லது வார்னிஷ். முதலில் கைப்பிடியைப் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள், பெயிண்ட் அப்புறம் வந்தது என்று அர்த்தம். அந்தப் படலம் மரத்தின் துளைகளை மூடியிருப்பதால் பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்காது. உரித்தால் மரம் சுத்தமாக வரும்.

கடைசியில் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை பிரைமர் நேரடியாக மரத்தில் உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். தேக்கை உற்றுப் பார்த்தால் வளையத்துக்கு வளையம் ஊசி குத்தின மாதிரி துளைகள் வரிசையாக இருக்கும். பிரைமர் அந்தத் துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்திருக்கும். மேல்பரப்பு சுத்தமானாலும் துளைக்குள் ரோஸ் நிறக் கோடுகள் தங்கிவிடும். அவற்றைப் போக்க மரத்தையே கொஞ்சம் சீவி எடுக்க வேண்டும். கைப்பிடியில் அதைச் செய்யலாம். கடைசல் காலில் செய்தால் வடிவமே போய்விடும்.

மரம் என்ன என்பதையும் அந்தத் தீப்பெட்டி அளவு இடமே சொல்லிவிடும். தேக்கு பொன் பழுப்பு, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, சுரண்டினால் பதனிட்ட தோல் மாதிரி வாசனை. பலா மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சமாசாரம்தான். அதனால் வேங்கைக் கால்களின் மேல் வாட்டர் பேஸ் பெயிண்டை நேராக அடித்தால் மஞ்சள் கறை மேலே வந்துவிடும். முதலில் அரக்கு சீலரோ ஆயில் பிரைமரோ ஒரு கோட் வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-லேயே தடுத்துவிட்டார்கள். ஆகவே நம் ஊரில் 2017-க்கு முன்னால் அடித்த எனாமல் எதிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் சரி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில் சந்தேகம் இன்னும் அதிகம். மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பார்கள். பச்சையையும் பல நேரம் அந்த மஞ்சளோடு நீலம் கலந்துதான் செய்தார்கள்.

பெயிண்ட் மரத்தோடு ஒட்டிக் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தூளாகும்போதுதான் சிக்கல். காய்ந்த பெயிண்டை மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும், பாயில் படியும், தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் உலர் தேய்ப்பு வேண்டாம். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். படியில் கனமான பாலித்தீன் விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் விளக்குமாறு எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். என்95 முகக்கவசம் போட வேண்டும், தோளில் கிடக்கும் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள், தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருப்பதே நல்லது.

சுரண்டிய செதில்களை அடுப்பிலோ குப்பைமேட்டிலோ போட்டு எரிக்கக் கூடாது. எரித்தால் ஈயம் புகையோடு போகும், சாம்பலிலும் தங்கும். தோட்டத்து மண்ணிலும் கொட்ட வேண்டாம். கெட்டிப் பையில் இரண்டு அடுக்காகக் கட்டி, அபாயக் குப்பை என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

எந்த முறையில் உரிப்பது நல்லது? வெப்பமா, ரிமூவரா, தேய்ப்பதா?

நேர்ச் சட்டமான கைப்பிடிக்கு ஹீட் கன்னும் (சூடான காற்றை ஊதும் கருவி) சுரண்டியும். கடைசல் வேலைக்கு ரிமூவர். தேய்ப்பது இரண்டுக்கும் பின்னால் வரும் வேலை, உரிக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, மரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, கையை அசைத்துக்கொண்டே இருங்கள். பெயிண்ட் கொப்பளித்துத் தூக்கும் அந்த நேரத்தில் சுரண்டியை நுழைத்தால் நாடா மாதிரி சுருண்டு வரும். புகைய ஆரம்பித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். 590 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈயமே ஆவியாகும், அதனால் உச்ச சூட்டில் வைக்கவே கூடாது. பெயிண்டர்கள் சிலர் புளோ லேம்ப் கொண்டுவருவார்கள். அந்த நெருப்புச் சுடரை மரப்படிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய வீடுகளில் படிக்கட்டை ஒட்டி மரப்பட்டைக்குள் ஓடும் ஒயரிங் இன்னும் இருக்கும். இடுக்குகளில் வருஷக்கணக்கான ஒட்டடையும் தூசியும் அடைந்திருக்கும். ஹீட் கன்னுக்கும் அதே எச்சரிக்கைதான். வேலை முடிந்த பின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து, இடுக்கில் எங்கேயாவது புகைகிறதா என்று பாருங்கள்.

ரிமூவர் விஷயத்தில் டின்னைத் திருப்பிப் படியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பலவற்றுக்கும் அடிப்படை மெத்திலீன் குளோரைடு, டைகுளோரோமீத்தேன் என்றும் போட்டிருக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பெயிண்டைச் சுருக்கித் தூக்கிவிடும், வேலை அவ்வளவு வேகம். ஆனால் அதன் கொதிநிலை ஏறக்குறைய 40 டிகிரிதான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டின்னைத் திறந்ததுமே ஆவி கிளம்பும். உடம்புக்குள் போனால் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நெஞ்சுவலிக்காரர்களுக்கு இது பெரிய ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கான விற்பனையைத் தடுத்தது. அமெரிக்காவில் பெயிண்ட் ரிமூவராக மக்களுக்கு விற்பதை 2019-ல் நிறுத்தினார்கள்.

படிக்கட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் படி வழியாகக் கீழே இறங்கித் தேங்கும். படிக்கடியில் இருக்கும் சின்ன அறையில் யாராவது படுத்திருந்தால் அவர்கள் தலைமேல்தான் வந்து நிற்கும். ஆகவே கீழ்க்கதவையும் ஜன்னல்களையும் முழுக்கத் திறந்து வையுங்கள், வெளியே பார்த்த மாதிரி ஒரு ஃபேன் ஓடட்டும், பூஜை விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கட்டும். தூசிக்கான முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க்கும் இந்த ஆவிக்குச் சீக்கிரம் தோற்றுப்போகும், நல்ல காற்றோட்டம்தான் காப்பு. ரப்பர் கையுறையையும் இது கொஞ்ச நேரத்தில் ஊடுருவிவிடும், அடிக்கடி மாற்றுங்கள். பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ரிமூவர் கிடைத்தால் அதை வாங்குங்கள். மணிக்கணக்கில் ஊற வேண்டும், விலையும் கூடுதல். ஆனால் வீட்டுக்குள் வைத்துச் செய்ய அதுதான் மேல்.

கடைசல் பள்ளங்களில் பெயிண்ட் அடைந்து கிடக்கிறது. அங்கே எப்படி எடுப்பது?

இங்கேதான் நிதானம் வேண்டும். ரிமூவரைப் பிரஷ்ஷில் நிறைய எடுத்து, ஒரே திசையில் கெட்டியாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திருப்பித் திருப்பித் தேய்த்தால் மேலே உருவாகும் படலம் கிழிந்து ஆவி போய்விடும். காலைச் சுற்றி மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி விடுங்கள், ஈரம் காயாமல் இருக்கும்.

பெயிண்ட் சுருங்கி எழுந்ததும் தாளை அவிழ்த்து, குமிழ் பாகங்களைத் தேங்காய் நாரால் அழுத்தித் துடைத்தெடுங்கள். நார் மரத்தைக் கீறாது, பள்ளத்துக்குள்ளும் போகும். குறுகின வளையத்துக்குச் சணல் கயிறு. கயிற்றை வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழுத்தால் பள்ளத்தில் ஊறிய பெயிண்ட் கயிற்றோடு வந்துவிடும். பெயிண்ட் ஏறிய கயிற்றுத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த துண்டு. மூலைமுடுக்குக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் உல்லும் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகும். பித்தளை அல்லது நைலான் பிரஷ் போதும்.

கடைசியாக, தின்னர் நனைத்த துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். ரிமூவரில் ஆவியைப் பிடித்து வைக்க மெழுகு சேர்த்திருப்பார்கள். அது மரத்தில் தங்கினால் பின்னால் போடும் பாலிஷ் அங்கங்கே காயாமல் நிற்கும். பலர் பாலிஷ் கம்பெனியைக் குறை சொல்வது இந்தத் துடைப்பை விட்டுவிட்டுத்தான்.

காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறாரே பெயிண்டர்?

போய்விடும். கூடவே மரத்தின் நிறமும் போகும். காரம் பட்ட தேக்கு கருகின மாதிரி கறுக்கும், நார் எழும்பிப் பஞ்சு மாதிரி ஆகும். உப்பு மரத்துக்குள் தங்கி மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும், புது பெயிண்டையும் தள்ளும். ஒட்டுப்போட்ட மூட்டுகள் தளரும். தோலிலோ கண்ணிலோ தெறித்தால் வெந்துபோகும். இரும்புக் கதவுக்கு அது சரி, மரக் கைப்பிடிக்கு வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள் என்றால், நிறையத் தண்ணீரால் கழுவி, தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, மறுபடி கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

உரித்த பின் கறுப்புக் கறையும் ரோஸ் கோடும் தெரிகிறது.

ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறை இரும்புக் கறை. ஆக்ஸாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்துத் தடவினால் பெரும்பாலும் வெளுக்கும். அது விஷம், கையுறை வேண்டும், முடிந்ததும் இரண்டு மூன்று தடவை தண்ணீரால் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு அந்த இடத்தைத் தேய்த்தால் வரும் தூள் மூக்கைக் கடுமையாக எரிக்கும், அதனால் நன்றாகக் கழுவுவதை விட்டுவிடாதீர்கள்.

துளைக்குள் தங்கிய பிரைமருக்கு, இன்னொரு கோட் ரிமூவர் வைத்து, அது ஈரமாக இருக்கும்போதே பித்தளைப் பிரஷ்ஷால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள். அப்படியும் போகாவிட்டால் கொஞ்சம் கருத்த ஸ்டெய்ன் (மரச் சாயம்) போட்டுவிடுவது நல்லது. வால்நட் நிறத்தில் அந்தக் கோடுகள் அமுங்கிவிடும்.

கைப்பிடிக்கு எந்தப் பாலிஷ்?

அதற்குமுன் தேய்ப்பு. உப்புத்தாள் 80-ல் ஆரம்பித்து 120, 180, 220 என்று படிப்படியாக ஏறுங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் பாலிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். எப்போதும் ரேகையோடு தேயுங்கள். பெயிண்ட் மிச்சம் முழுக்கப் போன பிறகுதான் உலர்ந்த உப்புத்தாள். துளைகளில் பழைய பிரைமர் இருந்தால் இந்தத் தூளிலும் ஈயம் வரும், அதனால் முகக்கவசமும் ஈரத்துணியும் இங்கேயும் உண்டு.

தேக்கு என்றால் பாலிஷ் போடுவதற்குச் சற்று முன்னால் தின்னர் துணியால் ஒரு தடவை துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ச் சத்து வார்னிஷைக் காயவிடாமல் இழுக்கும். கரையான் தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, எளிதில் தொடாததற்கும் அதில் ஊறியிருக்கும் சத்துகள்தான் காரணம், ஆகவே அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் தருகிற ஆழமான மினுக்கை வேறெதுவும் தராது. ஆனால் ஈரக்கையும் வியர்வையும் தினமும் படும் கைப்பிடிக்கு அது தாங்காது. வெள்ளையாகப் பூத்துவிடும். சுவரலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெலமைன் கெட்டி, நன்றாக உழைக்கும், ஆனால் போடும்போது கண் எரியும், கைதேர்ந்த ஆள் வேண்டும். வீட்டுக்காரரே பிரஷ் பிடிப்பதென்றால் ஒற்றை டின்னில் வரும் பாலியூரித்தேன் வார்னிஷ் எனக்குப் பிடித்தது. முதல் கோட்டைக் கொஞ்சம் தின்னர் கூட்டி நீர்க்க அடியுங்கள், மரம் குடிக்கட்டும். அப்புறம் இரண்டு கோட், நடுவில் 320 தாளால் லேசான தேய்ப்பு. இரண்டு டின் கலந்து ஸ்ப்ரே செய்யும் வகையில் ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். அதை வீட்டுக்குள் அடிக்க விடாதீர்கள்.

பளபளப்பைவிட சாட்டின் (மிதமான மினுக்கு) நல்லது. கை ரேகையும் சின்னக் கீறலும் தெரியாது.

கால்களுக்குப் பெயிண்ட் மட்டும் என்றால் என்ன வரிசை?

முதலில் பழைய பெயிண்டின் பிடிப்பைச் சோதியுங்கள். பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, அதன்மேல் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்தக் காலை உரித்தே ஆக வேண்டும். வராவிட்டால் மேலேயே அடிக்கலாம்.

அப்புறம் சோப்புத்தூள் தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தேய்த்தால் பிசுக்கு இன்னும் உள்ளேதான் போகும். காய்ந்ததும் 220 வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து மினுமினுப்பைக் கொல்லுங்கள். உடைந்த இடங்களுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். மெல்லிசாக அடியுங்கள், கடைசலில் பெயிண்ட் வழிந்து கண்ணீர் மாதிரி நிற்கும். அடித்த ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து வளையங்களின் அடிப்பக்கத்தைப் பார்த்து, வழிந்ததை நுனிப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். மேலிருந்து கீழே, வீட்டின் மேல்மாடியிலிருந்து தொடங்கி இறங்கி வாருங்கள்.

பழைய ஆயில் எனாமலின் மேல் வாட்டர் பேஸ் எனாமலை நேராக அடித்தால் நகத்தால் இழுத்தாலே தோல் மாதிரி உரியும். நடுவில் நன்றாக ஒட்டும் பிரைமர் கட்டாயம்.

வெள்ளை அடித்தால் ஒரே வருஷத்தில் மஞ்சளாகிவிடுகிறதே?

அது ஆயில் எனாமலின் குணம். வெளிச்சம் படாத இடத்தில்தான் அது அதிகம் மஞ்சளாகும், நம் படிக்கட்டுகள் பெரும்பாலும் இருட்டு. வாட்டர் பேஸ் எனாமல் அப்படி ஆகாது. வெள்ளைதான் வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே தந்த நிறம் அடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கால்கள் இரும்பு, கைப்பிடி மட்டும் தேக்கு.

எழுபது, எண்பதுகளில் கட்டிய பல வீடுகளில் இப்படித்தான். மரத்தை முதலில் முடித்துவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி இரும்புக்குப் போங்கள். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல். துருத்தூள் புது பாலிஷின் மேல் விழுந்து ஈரம் பட்டால் கறுப்புக் கறைதான், அதனால் கைப்பிடியைத் துணியால் மூடி வையுங்கள். இரும்பின் அடியில் பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்புப் பூச்சு தெரிந்தால் அது பழைய ஈயச் செந்தூரமாக இருக்கலாம். அதை உலர் தேய்ப்பு தேய்க்காதீர்கள்.

கைப்பிடி ஆடுகிறது. பெயிண்ட் அடித்தால் இறுகிவிடுமா?

இறுகாது. ஆசாரியைக் கூப்பிடுங்கள், பெயிண்டர் வருவதற்கு முன்னால். ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தலைத்தூணை இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். தளர்ந்த மூட்டில் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை வைத்து இறுக்கிக் கட்டிக் காயவிட வேண்டும். ஆணி அடித்து நிறுத்துவது மரத்தைப் பிளக்கும்.

காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) வைத்திருக்கிறது. விரல் மடக்கித் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். தேக்கிலும் வெளிர் நிற வெளிப்பாகத்தை அது தின்னும். மேலோட்டமாக இருந்தால் துளை வழியே மருந்து செலுத்தி மெழுகால் அடைக்கலாம். பாதி தின்றுவிட்டது என்றால் அந்தக் காலை மாற்றிக் கடைந்து போடுவதுதான் பாதுகாப்பு. பெயிண்டுக்கு அடியில் ஓட்டையாக நிற்கும் காலை நம்பிக் குழந்தை சாயும்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்?

தையிலிருந்து பங்குனிவரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எனாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், பாலிஷ் வெள்ளையாகப் பூக்கும். ஆடிக்காற்றில் தூசி வந்து ஈரமான வார்னிஷில் ஒட்டும்.

வேலை நடக்கும்போது படியை எப்படிப் பயன்படுத்துவது? மேலே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். கைப்பிடி காயும்வரை பிடித்து இறங்க எதுவும் இருக்காது. தொட்டால் ஒட்டாமல் காய்வது ஒரு ராத்திரியில் ஆகலாம், அழுத்திப் பிடித்தால் தடம் விழாத அளவுக்கு இறுக பல நாட்கள் ஆகும். பெரியவர்களைச் சில நாள் கீழ்த்தளத்துக்குப் படுக்கை மாற்றிவிடுங்கள். அது முடியாது என்றால், திருப்பத்துக்கு மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று பிரித்துச் செய்து, ஈரமான பக்கம் இறங்கும்போது ஒருவர் கூட நிற்கட்டும். படியில் விரித்த பாலித்தீன் வழுக்கும், அன்றன்று சாயங்காலம் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

ஆளிடம் பேசும்போது என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று பேசினால் உரிப்பு வேலை வேகமாகத்தான் நடக்கும். உரிக்கும் வேலைக்கு நாள் கூலி, பாலிஷுக்கு அடிக்கணக்கு என்று பிரித்துப் பேசுவது இருவருக்கும் நல்லது. முதலில் ஒரு காலும் ஒரு முழம் கைப்பிடியும் முடித்துக் காட்டச் சொல்லுங்கள், அதே தரம்தான் மீதிக்கும் என்று பேசிக்கொள்ளுங்கள். காஸ்டிக் கிடையாது, உலர் மெஷின் தேய்ப்பு கிடையாது, முகக்கவசமும் கையுறையும் நம் செலவு என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தூளை வருஷம் முழுக்கச் சுவாசிப்பவர் அவர்தான்.

எண்ணெய் துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. ஆளிவிதை எண்ணெயோ ஆயில் வார்னிஷோ நனைந்த துணி காயும்போது தானே சூடாகும். சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மாடிக்கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டின்னில் முக்கி மூடி வையுங்கள்.

இனிமேல் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட் அடித்துக்கொண்டால் போதுமா?

வேண்டாம். அப்படி அடித்து அடித்துத்தான் கடைசல் மூடிப்போனது. பொங்கலுக்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தால் போதும். மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்காதீர்கள், பாலிஷ் மங்கும். கைப்பிடியில் எல்லோரும் கை வைத்துத் திரும்பும் அந்த முனையில்தான் பாலிஷ் முதலில் தேயும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. மரம் உறிஞ்சிக் கருத்தால், கைப்பிடியை மட்டும் 320 தாளால் தேய்த்து ஒரே ஒரு கோட் வார்னிஷ் அடியுங்கள். கால்களுக்கு, பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். அதற்காக, மிஞ்சின பெயிண்டை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.